நர்சிங் நேர்காணல் சரியாகப் போகவில்லையா? அடுத்து என்ன செய்யலாம்

அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருகிறீர்கள். வராந்தாவில் அப்பா எழுந்து நிற்கிறார். தறியை நிறுத்திவிட்டு, விடியக்காலை முதல் பஸ்ஸில் சோமனூரிலிருந்து கூட வந்தவர். "என்ன சாமி, நல்லாச் சொன்னியா?" என்கிறார். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆறு கேள்வி கேட்டார்கள், இரண்டுக்குத்தான் வாய் திறந்தது. "ம்" என்று தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை பேசாமல் நடக்கிறீர்கள்.

அந்த நடைக்கு அப்புறம் என்ன செய்வது என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரி. 18 வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பிளஸ் டூ முடித்து நான் போன முதல் நேர்காணலில், "ஏன் நர்சிங் படிக்கணும்?" என்று கேட்டார்கள். "சேவை செய்யணும்" என்றேன். "என்ன சேவை?" என்றார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அங்கே இடம் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தேன். அந்த நேர்காணலை நினைத்து இப்போது எனக்கு வருத்தமே இல்லை. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு கனக்கிறது. பிறகு வேறு இடத்தில் டிப்ளமோவில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்தேன். பின்னாளில் சேர்க்கை நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவும் நேர்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, "போச்சு" என்று பிள்ளைகள் அழும் இடம் ஒன்று, நாங்கள் குறித்துக்கொள்ளும் இடம் வேறொன்று.

அன்றைக்கு ராத்திரி

வீட்டுக்கு வந்ததும் குளியுங்கள், சாப்பிடுங்கள். பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் போனில் கேட்பார்கள். "முடிவு வரட்டுங்க, சொல்றேன்" என்பது போதும். ஒவ்வொருவருக்கும் முழுக்கதையைச் சொல்லச் சொல்ல, நடந்ததைவிடப் பெரிதாகவே அது மனசில் பதிந்துவிடும். அப்பா அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். "ரெண்டு கேள்விக்குத்தான் சொன்னேன் அப்பா, பயந்துட்டேன்." கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் நீங்கள் பயந்ததில் பாதிகூடத் திட்டமாட்டார்கள்.

தூங்கப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்குக் காலையில் பாதி மறந்துவிடும், மீதிப் பாதியைப் பயம் மாற்றி எழுதிவிடும்.

எப்படி எழுதுவது என்பதை எங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். ராத்திரி 2 மணிக்கு ஒரு நோயாளி கட்டிலிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார் என்று வையுங்கள். முதலில் அவரைக் கவனிப்போம். அப்புறம் நோட்ஸ் எழுத வேண்டும். அதில் "நான் கவனமில்லாதவள்" என்று எந்த நர்சும் எழுதமாட்டார். "2.10-க்கு நோயாளி கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பி.பி. 130/80. காயம் இல்லை. டியூட்டி டாக்டருக்குச் சொல்லப்பட்டது." பார்த்தது, செய்தது, யாரிடம் சொன்னது, அவ்வளவுதான் இருக்கும். உங்கள் நேர்காணலையும் அப்படி எழுதுங்கள். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், அதற்கு அவர்கள் என்ன கேட்டார்கள். "அசிங்கமாப் போச்சு" என்ற வரி வேண்டாம். "ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியும். சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. வாயில் வரவில்லை." இப்படி இருக்க வேண்டும்.

மறுநாள் அந்த நோட்டைத் திறந்து ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். நிஜமாகவே தெரியாதது என்றால் 'தெ'. தெரிந்தும் வராதது என்றால் 'வ'. தப்பாகச் சொன்னது என்றால் 'த'. என்னிடம் நோட்டோடு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 'வ'தான் அதிகம் இருந்திருக்கிறது. அறிவில் குறை இல்லை, வாயைத் திறந்து பேசிப் பழகவில்லை என்று அதற்கு அர்த்தம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

'த' இருந்தால் உடனே செய்ய வேண்டியது

பதற்றத்தில் ஒரு தகவலைத் தப்பாகச் சொல்லியிருந்தால் அதை மட்டும் திருத்த வேண்டும். உயிரியல் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னது, வேறு எங்கும் விண்ணப்பிக்கவில்லை என்றது, பெற்றோர் சம்மதம் பற்றி மாற்றிச் சொன்னது, இந்த மாதிரி. கல்லூரி அலுவலகத்துக்கு ஒரே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போதும்.

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். ஜூலை 9 காலை நேர்காணலுக்கு வந்திருந்தேன். என் விண்ணப்ப எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். உயிரியலில் 82 என்று சொல்லிவிட்டேன். என் மதிப்பெண் பட்டியலில் இருப்பது 72. பதற்றத்தில் தவறாகச் சொன்னது. பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன். எனக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி."

இதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். "எப்படியாவது சீட் கொடுங்கள்", "எங்கள் குடும்பம் கஷ்டப்படுகிறது" என்று நீட்டினால் திருத்தம் மறைந்து கெஞ்சல்தான் தெரியும். தப்பைத் தானாகவே வந்து சொல்கிற ஒரு பிள்ளையை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டோம். வார்டில் உயிரைக் காப்பாற்றுகிற குணம் அது. 'தெ'க்கும் 'வ'வுக்கும் கடிதம் எழுத வேண்டாம். நேர்காணல் எடுத்தவரின் வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசுவதோ, ஊர்ப் பெரியவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்புவதோ கூடவே கூடாது.

அந்த நேர்காணல் எவ்வளவு தூரம் முடிவு செய்யும்?

பல வீடுகளில் இது தெரியாமலே அழுகை நடக்கிறது. தமிழ்நாட்டில் அரசு பி.எஸ்சி. நர்சிங் இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளிலுள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் நேர்காணலே கிடையாது. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரு தனியார் கல்லூரி அறையில் உங்களுக்கு வாய் அடைத்துப்போனது அந்தத் தரவரிசைக்குத் தெரியவே தெரியாது. எனவே "ஒரு இடத்திலேயே இப்படி ஆச்சு, இனி எதுக்கு" என்று கலந்தாய்வு விண்ணப்பத்தைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். இந்தத் தப்பைச் செய்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுப் பெரிய மருத்துவமனைகளோடு சேர்ந்த கல்லூரிகளாகட்டும், ஈரோடு, நாமக்கல் பக்கம் அறக்கட்டளைகள் நடத்தும் கல்லூரிகளாகட்டும், கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு நேர்காணல் வைத்தால் அதன் எடை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் சான்றிதழ் பார்த்து நாலு வார்த்தை கேட்பதோடு சரி. அலுவலகத்தில் மரியாதையாக, "நேர்காணலுக்குத் தனி மதிப்பெண் உண்டுங்களா, காத்திருப்புப் பட்டியல் போடுவீங்களா?" என்று கேட்கலாம். அதில் தப்பில்லை. ராணுவ நர்சிங் சர்வீஸ் போல, நீட் மதிப்பெண்ணில் அழைத்து, கணினித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல் என்று பல படி வைக்கும் இடங்களில் நேர்காணல் நிஜமாகவே கனமானது. அங்கே போகிற பெண் பிள்ளைகள் பயிற்சியைப் பல மாதம் முன்னாலேயே தொடங்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் புரோக்கர் வருவார். "இன்டர்வியூ சரியில்லைன்னு கேள்விப்பட்டேனுங்க, அட்வான்ஸ் குடுங்க, சீட் நான் பாத்துக்கறேன்" என்பார். மனசு உடைந்திருக்கும் வீடு எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் இரண்டின் அங்கீகாரப் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடோ, முறையான வேறு பல்கலைக்கழகத்தோடோ இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

"ஏன் நர்சிங்?"

பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் தடுக்கி விழும் கேள்வி இதுதான். நானும் விழுந்த இடம் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கேட்டதும், "சின்ன வயசிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்யணும்னு ஆசை" என்றாள். அன்றைக்குக் காலையிலிருந்து அதே வரியைப் பதினைந்து பேர் சொல்லிவிட்டார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது வராந்தாவில் தன் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நேர்காணல் முடிந்துவிட்டதும்மா, சும்மா சொல்லு, உனக்கு எப்படி இந்த எண்ணம் வந்தது என்று கேட்டேன். அப்போது சொன்னாள்.

"அப்பத்தாவுக்குச் சர்க்கரைப் புண்ணுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங்குக்கு நான்தான் பஸ்ல கூட்டிட்டுப் போவேன். மொத நாள் வாசம் தாங்காம வெளிய போயிட்டேங்க. நாலாவது தடவை நானே கால் தூக்கிப் புடிச்சுக்கிட்டேன். அங்க ஒரு சிஸ்டர், வலிக்குதுங்களா ஆத்தான்னு கேட்டுக் கேட்டுத்தான் பழைய துணியை எடுப்பாங்க. மத்தவங்க வந்தா அப்பத்தா கத்துவாங்க, அவங்க வந்தா கத்தமாட்டாங்க. அது எப்படின்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க."

அறைக்குள் இதைச் சொல்லியிருந்தால் நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்போம். வாசம் தாங்காமல் வெளியே போனதும் அதில் இருக்கிறது, திரும்பி வந்ததும் இருக்கிறது. ஒரு நல்ல நர்ஸ் என்ன செய்கிறார் என்று கவனித்த கண்ணும் இருக்கிறது. அவளிடம் எல்லாமே இருந்தது. அதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு, யாரோ எழுதிக்கொடுத்த வரியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

உங்களிடம் இருப்பதைத் தேடுங்கள். யாருக்காவது கஞ்சி ஊட்டியிருக்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருக்கிறீர்களா? பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸிலோ நாட்டு நலப்பணித் திட்டத்திலோ இருந்தீர்களா? நோவு வந்த மாட்டுப் பக்கத்தில் ராத்திரி முழுக்க அப்பாவோடு உட்கார்ந்திருந்தீர்களா? அதுவும் கணக்கில் வரும். நடந்தது என்ன, அதில் நீங்கள் பார்த்தது என்ன, அதனால் உங்களுக்குள் என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு அதை ஒரு நிமிஷத்தில் வாயால் சொல்லிப் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் இல்லாததைக் கட்டிச் சொல்லாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே நிற்காது. இனிமேல் தேடிக்கொள்ளலாம். ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கிராம சுகாதார செவிலியரிடம், "அக்கா, நர்சிங் சேரப் போறேன், தடுப்பூசி போடற அன்னைக்கு வந்து பாக்கலாமுங்களா?" என்று கேளுங்கள். ஒரு காலைப்பொழுது அங்கே நின்றால் உங்களுக்கென்று சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும்.

இதோடு ஒட்டி வரும் கேள்விகள் சில. "ஏன் டாக்டருக்குப் போகலை?" என்றால் உண்மையைச் சொல்லுங்கள். நீட் எழுதி வரவில்லை என்றால் வரவில்லை என்றே சொல்லி, அதற்கு அப்புறம் நர்சிங்கைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதைத் தொடருங்கள். பையன்களிடம், "பொம்பளைப் பிள்ளைங்க படிப்புக்கு ஏன் வந்தே?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதையே கொஞ்சம் நாகரிகமாக நாங்களும் கேட்போம். நீங்கள் பார்த்த ஆண் நர்ஸ் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள். விபத்துப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். "நைட் டியூட்டி பார்ப்பீங்களா?" என்றால் திருப்பூர்ப் பிள்ளைகள் யோசிக்கவே வேண்டாம். அம்மா பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பதை, அண்ணன் மில்லில் நைட் பார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். தூக்கம், சாப்பாடு, உடம்பு எப்படி மாறும் என்று தெரிந்தே சம்மதிப்பதாகச் சொல்லுங்கள்.

"பெட்பேன் எடுப்பீங்களா?" இதைக் கேட்டதும் முகம் மாறும் பிள்ளைகள் உண்டு. ஊரில், "பீ மூத்திரம் அள்ளற வேலைக்கா போறே?" என்று சொன்னது மனசில் இருக்கும். இதற்கான பதிலை வீட்டிலேயே உங்களுக்குள் முடித்துவிட்டு வாருங்கள். தானாக எழுந்து போகமுடியாத ஒருவருக்கு அன்றைய நாளில் அதைவிடப் பெரிய உதவி இல்லை. அதைச் செய்யும்போதுதான் முதுகில் படுக்கைப்புண் ஆரம்பிக்கிறதா, சிறுநீரின் நிறம் மாறியிருக்கிறதா என்று நர்ஸ் பார்க்கிறார். யார் வீட்டு ஆள், எந்தச் சாதி என்று பார்க்காமல் தொட வேண்டிய வேலை இது. அதை மனசார ஏற்றுக்கொண்டவர்களின் குரல் தனியாகத் தெரியும்.

"இப்படி நடந்தா என்ன செய்வீங்க?"

இந்தக் கேள்விகளுக்குப் புத்தகப் பதில் தேவையில்லை. நோயாளிக்கு ஆபத்து வராமல் பார்ப்பது, மேலே இருப்பவரிடம் உடனே சொல்வது, நடந்ததை மறைக்காதது. இந்தப் பிடி கையில் இருந்தால் எந்தக் கேள்வியிலும் நிற்கலாம். உதாரணத்துக்கு, மாத்திரையை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்பார்கள். "கவனமா இருப்பேன், அப்படி நடக்காது மேடம்" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் கேட்டது நடந்த பிறகு என்ன என்று. நோயாளியைப் பார்ப்பேன், வார்டு சிஸ்டரிடமும் டாக்டரிடமும் உடனே சொல்வேன், அவர்கள் சொல்வதுபடி கண்காணிப்பேன், எழுதி வைப்பேன். இது போதும்.

நம் பக்கத்துக்கு இன்னொன்று முக்கியம். "உங்க ஊர்க்காரர் வார்டில் படுத்திருக்கார். உங்க அம்மா போன் பண்ணி, அவருக்கு என்ன சீக்குன்னு கேக்கறாங்க. சொல்லுவீங்களா?" சின்ன ஊர், எல்லாரும் ஏதோ ஒரு வகையில் பங்காளியோ மாமன் மச்சானோதான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று வெள்ளந்தியாகச் சொன்ன பிள்ளைகள் நிறைய. சொல்லக் கூடாது. "நான் சொல்லக்கூடாதும்மா, அவங்க வீட்லயே கேட்டுக்கங்க" என்று அம்மாவுக்கே சொல்லும் பதிலாகச் சொல்லிக்காட்டினால் அழகாக இருக்கும்.

ஆங்கிலமும் "தெரியலீங்க"வும்

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இங்கேதான் பயம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், பின்தொடர முடியுமா என்று பார்க்கவே ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். மனப்பாடம் செய்த அறிமுகம் நடுவில் ஒரு கேள்வி வந்ததும் அறுந்துவிடும். அதற்குப் பதில் பெயர், ஊர், படித்த பள்ளி, வீட்டில் யார் யார் என்று நாலே வாக்கியம், எந்த வரிசையில் கேட்டாலும் வரும்படி பழகுங்கள். கேள்வி புரிந்து பதில் வராவிட்டால், "மேடம், கேள்வி புரிஞ்சுதுங்க. தமிழ்ல சொல்லலாமுங்களா?" என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். கேள்வியே புரியவில்லையென்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். தினமும் உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பில் அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் இரண்டு மாதத்தில் நாக்கு இளகும்.

நம் பேச்சில் வரும் 'ங்க'வை மறைக்க முயலாதீர்கள். பட்டணத்துப் பேச்சு பேசப் போய் இரண்டும் கெட்டுப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வலியில் இருக்கும் ஒரு பெரியவருக்கு, "கொஞ்சம் திரும்பிப் படுக்கறீங்களா?" என்று நம் ஊர் மரியாதையில் கேட்பது மருந்து மாதிரி. நேர்காணலிலும் அது பொருந்தும்.

தெரியாததை, "தெரியலீங்க மேடம், தெரிஞ்சுக்கறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். தலையைக் குனிந்து மௌனமாக இருப்பதுதான் எங்களைக் கவலைப்படுத்தும். வார்டில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாதவர் தப்பான ஊசி போட்டுவிடக்கூடும்.

'தெ' என்று குறித்தவற்றுக்கு ஒரு வாரம் போதும். உடல் வெப்பம் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37 செல்சியஸ். வயது வந்தவருக்கு நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, பி.பி. 120/80. இவற்றைப் படித்தால் மறக்கும், செய்தால் மறக்காது. வீட்டில் ஐந்து பேரின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, உங்கள் நடு விரல்களை வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணி எழுதுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதன் துடிப்பே உங்களைக் குழப்பிவிடும். அம்மிச்சிக்கு எவ்வளவு, தம்பிக்கு எவ்வளவு, அவன் ஓடிவிட்டு வந்தால் எவ்வளவு என்று பாருங்கள். அடுத்த நேர்காணலில் நாடித்துடிப்பு கேட்டால் உங்களிடம் எண்ணும் இருக்கும், அனுபவமும் இருக்கும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்தது 1820 மே 12, அதனால்தான் அந்த நாள் செவிலியர் தினம். பிறந்தவுடன் போடும் தடுப்பூசிகள், ஓ.ஆர்.எஸ். எதற்கு, 108-ஐ எப்போது அழைப்பது, உங்கள் வட்டாரத்தில் அரசு மருத்துவமனை எங்கே என்பதெல்லாம் அந்தக் கிராம சுகாதார செவிலியர் அக்காவே சொல்லிக்கொடுப்பார்.

'வ'வுக்கு மருந்து வாய்விட்டுப் பேசுவது ஒன்றுதான். செல்போனை எதிரே நிறுத்தி வீடியோ எடுங்கள். முதல் தடவை பார்க்கவே கூசும். மூன்றாவது தடவை நீங்களே கையை எங்கே வைப்பது, எங்கே மூச்சு விடுவது என்று திருத்திக்கொள்வீர்கள். அதன்பின், உங்களுக்குச் செல்லம் கொடுக்காத ஒரு பெரியவரை, டீச்சரையோ மாமாவையோ, நாற்காலியில் உட்காரவைத்து நோட்டில் உள்ள கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நடுவில் குறுக்கிடச் சொல்லுங்கள்.

மறுபடி போகும்போது

அதே கல்லூரிக்கு அடுத்த வருஷம் போனால், "போன வருஷமும் வந்தீங்கல்ல?" என்று கேட்கலாம். மறைக்காதீர்கள். "ஆமாங்க மேடம். அப்போ பயத்துல சரியாச் சொல்லலீங்க. இந்த ஒரு வருஷத்துல இதெல்லாம் செஞ்சேன்" என்று செய்ததைச் சொல்லுங்கள். சத்தியமங்கலம், தாராபுரம் போன்ற தூரத்திலிருந்து கோயம்புத்தூர் வருபவர்கள், முடிந்தால் முதல் நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடு வந்து வராந்தாவில் மயங்கிய பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அறைக்குள் அழுகை வந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டு, கண்ணைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். அழுததற்காக நான் யாரையும் தள்ளியதில்லை.

இந்த வருஷம் பி.எஸ்சி. கிடைக்கவில்லையென்றால் கதவு சாத்திவிடவில்லை. ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) என்ற மூன்று வருஷ டிப்ளமோ படித்துப் பதிவுபெற்ற நர்ஸ் ஆகலாம். பிறகு இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் வரும். நான் வந்த வழி இதுதான், பட்டம் தாமதமாக வந்ததற்காக எந்த நோயாளியும் என்னைக் குறைவாகப் பார்த்ததில்லை. ஜி.என்.எம்.முக்கு அறிவியல் பிரிவு கட்டாயமில்லை. ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி பி.எஸ்சி.க்கே முயல்வதும் சரிதான், அந்த வருஷத்தில் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருந்தால். ஆனால் "ஆறு மாசத்துல நர்ஸ்" என்று சுவரொட்டி ஒட்டும் சான்றிதழ் படிப்புகளில் பணத்தைக் கட்டாதீர்கள். அதை முடித்தவர்கள் உதவியாளராக வேலை பார்க்கலாம், கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்யமுடியாது. இது தெரியாமல் இரண்டு வருஷம் இழந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால், கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். வேறு கல்லூரியில் இடம் கிடைத்து யாராவது விலகும்போது அந்த இடம் அடுத்தவருக்குப் போகிறது. சேர ஓரிரு நாள்தான் தருவார்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, முதல் தவணைக்கு என்ன ஏற்பாடு என்று வீட்டில் பேசி வையுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த எண் அப்பாவுடையது என்றால் தறி ஓடும் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. பகலில் அந்த போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 0422-இலோ (கோயம்புத்தூர்) 0424-இலோ (ஈரோடு) தொடங்கும் தெரியாத எண் வந்தால் எடுத்துப் பேசுங்கள்.